ஹெபடைடிஸ் சி: ஊசியை விட்டுவிட்டுத் தட்டைக் கழுவுகிறோம்

குடியாத்தத்தில் எங்கள் சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்தபோது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் என்று வந்தது. அன்று சாயங்காலமே அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இரண்டையும் சித்தி வெந்நீரில் கழுவினார். அதே வாரம் பேரனுக்குச் சளிக் காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் அதே சித்தி, "மாத்திரை வேணாம் சார், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்கிறார்.

இந்த வைரஸ் பரவுவது ரத்தத்தின் வழியாக. சேர்ந்து சாப்பிட்டால் வராது, இருமினால் வராது. ஊசியால் வரும். எகிப்தில் நத்தை மூலம் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950களிலிருந்து 80கள் வரை அரசே மக்களுக்கு ஊசி போட்டது. சிரிஞ்சைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போட்டார்கள். உலகிலேயே ஹெபடைடிஸ் சி மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக அது ஆனது. இத்தனைக்கும் நல்லது செய்யப் போன ஊசி.

அதனால் சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி கேட்காதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் புது சிரிஞ்ச் கவரை உங்கள் கண்ணெதிரே கிழிக்கச் சொல்லுங்கள். ஊசிமுனையை மட்டும் மாற்றினால் போதாது. பழைய சிரிஞ்சை மருந்துக் குப்பிக்குள் விட்டால், அந்தக் குப்பியிலிருந்து போட்டுக்கொள்ளும் எல்லோருக்கும் ஆபத்து. டாக்டரைப் போய் இப்படிக் கேட்பதா என்று நம் பக்கம் கூச்சப்படுவார்கள். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். சலூன் பிளேடு, திருவிழாவில் பச்சை குத்தும் ஊசி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

"எனக்குக் காமாலையே வந்ததில்லையே" என்பது அடுத்த தவறு. பலருக்கு இருபது வருஷம் கூட எந்த அறிகுறியும் இருக்காது. உள்ளே கல்லீரல் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். குடிதண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே சரியாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். அந்த நம்பிக்கையை இதில் வைக்காதீர்கள். தானம் தரும் ரத்தத்தில் இந்த வைரஸைப் பார்ப்பது நம் நாட்டில் கட்டாயமானது 2000களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. டயாலிசிஸ் செய்பவர்களும்தான்.

முதல் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றதும் இடிந்து போவதும் தவறு. அது காட்டுவது ஆன்டிபாடியை மட்டுமே, அதாவது வைரஸ் எப்போதோ உள்ளே வந்ததற்கு உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. தொற்றியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு வைரஸ் தானாகவே போய்விடும். இப்போதும் இருக்கிறதா என்று வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ பரிசோதனைதான் சொல்லும்.

சித்தப்பாவுக்கு இருந்தது. தடுப்பூசி இல்லாத நோய் என்றதும் மருந்தும் இல்லை என்று நினைத்து நிலத்தை விற்கப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் மருந்து இருக்கிறது, சோபோஸ்புவிர், டக்லாடஸ்விர் என்று மாத்திரைகள். பெரும்பாலோருக்கு 12 வாரம், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கள் பக்கத்தில் என்றால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

குணமான பிறகும் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே காட்டும். அதனால் வைரஸ் இல்லை என்ற ஆர்.என்.ஏ ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து பாலித்தீன் கவரில் வைத்திருக்கிறார் சித்தப்பா. நின்றுபோன ஆபரேஷனுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் நீட்டினார்.