சிந்த் டோன் தொகுப்பின் பழைய, புதிய வெர்ஷன்களை ஒப்பிடுவது எப்படி?

"புது வெர்ஷன் போட்டேண்ணே, டோன் எல்லாம் மாறிருச்சு." பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கீபோர்டு வாசிக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. திருவிழாவுக்குக் கொடியேறும் நேரத்தில்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்போது உட்கார்ந்து காரணம் தேட நேரம் இருக்காது. அதனால் கச்சேரி இல்லாத வாரத்தில் நிதானமாகச் செய்து பார்க்க வேண்டிய ஒரு வழியை இங்கே எழுதுகிறேன். சிந்த் என்பது கணினியில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருள். டோன் என்பது அதில் ஒரு குறிப்பிட்ட ஒலிக்கான அமைப்பு, ஒவ்வொன்றும் ஒரு கோப்பாக இருக்கும்.

"டோன் மாறிவிட்டது" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கலாம். தொகுப்பில் சில டோன்கள் நீங்கியோ பெயர் மாறியோ இருக்கலாம். டோன் கோப்புக்குள் இருக்கும் மதிப்புகள் மாறியிருக்கலாம். கோப்பு அப்படியே இருக்க, அதை ஒலியாக்கும் சிந்த் மென்பொருள் மாறியிருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் ராத்திரி முழுக்கப் போனாலும் முடிவுக்கு வர முடியாது.

உதாரணத்துக்கு சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தை எடுத்துக்கொள்கிறேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ். வெம்பர் ஆடியோ என்ற பெயரில் விற்பனையில் இருந்த சர்ஜ் 2018இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. அதன் பெரிய மறுபிறவியான எக்ஸ்டி 2022 ஜனவரியில் வந்தது. பழைய சர்ஜும் எக்ஸ்டியும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், ஒன்று மற்றொன்றை அழிக்காது. கற்றுக்கொள்ள இதைவிட வசதியான ஜோடி இல்லை.

1. பழையதை முதலில் பத்திரப்படுத்துங்கள்

புது வெர்ஷனை நிறுவுவதற்கு முன்னால் பழைய தொகுப்பை நகலெடுக்க வேண்டும். சர்ஜ் எக்ஸ்டியில் மெனு பொத்தானை அழுத்தி 'டேட்டா ஃபோல்டர்ஸ்' பகுதிக்குப் போனால் ஃபேக்டரி (சிந்தோடு வந்தவை) டேட்டா ஃபோல்டரையும் யூசர் டேட்டா ஃபோல்டரையும் அங்கிருந்தே திறக்கலாம். விண்டோஸில் ஃபேக்டரி கோப்புகள் மறைவான இடத்தில் இருக்கும் என்பதால் இந்த வழிதான் சுலபம். உள்ளே 'பேட்சஸ் ஃபேக்டரி', 'பேட்சஸ் தேர்டுபார்ட்டி' என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். டோனைத்தான் சர்ஜ் பேட்ச் என்கிறது. இரண்டையும் எடுத்து, வெர்ஷன் எண்ணோடு பெயர் வைத்து வேறு இடத்தில் போடுங்கள். நீங்களே செய்த டோன்கள் யூசர் ஃபோல்டரில் இருக்கும், அதைத் தனியாக எடுங்கள். நிறுவும்போது அழியாது என்றாலும் எடுங்கள். கடலோர உப்புக் காற்றில் ஒரே பென்டிரைவை நம்பி வேலை வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு இடத்தில் நகல் இருக்கட்டும்.

ஏற்கெனவே பழையதன்மேல் புதியதை நிறுவிவிட்டீர்களா? ஃபேக்டரி டோன்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்ஜின் நிரல் முழுக்க வைக்கப்பட்டிருக்கும் கிட்ஹப் இணையப் பக்கத்தில் பழைய வெளியீடுகளின் மூலத் தொகுப்பை ஜிப்பாக இறக்கலாம். அதில் 'ரிசோர்சஸ்', அதற்குள் 'டேட்டா', அதற்குள் 'பேட்சஸ் ஃபேக்டரி' என்று போனால் அந்த வெர்ஷனின் டோன்கள் அப்படியே இருக்கும். காசு கொடுத்து வாங்கும் சிந்துகளில் இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது.

2. ஃபோல்டரோடு ஃபோல்டரை ஒப்பிடுங்கள்

இதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு வின்மெர்ஜ், லினக்ஸுக்கு மெல்ட். இரண்டும் இலவசம். வின்மெர்ஜைத் திறந்து இடப்பக்கம் பழைய ஃபோல்டர், வலப்பக்கம் புதிய ஃபோல்டர் கொடுத்து, உள்ஃபோல்டர்களையும் சேர்க்கும் பெட்டியில் டிக் போட்டு, 'கம்பேர்' அழுத்துங்கள். இரண்டிலும் ஒன்றாக இருப்பவை, வேறுபடுபவை, இடப்பக்கம் மட்டும் உள்ளவை, வலப்பக்கம் மட்டும் உள்ளவை என்று பட்டியல் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பிடும் முறையாகத் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நகலெடுப்பது, ஜிப்பைப் பிரிப்பது, பென்டிரைவில் கொண்டுபோவது என்று எல்லாவற்றிலும் தேதி மாறலாம். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்றுதான் குறிக்கும். அதனால் ஒரே கோப்பு வேறு கோப்பு போலத் தெரியும். அமைப்புகளில் 'ஃபுல் கன்டென்ட்ஸ்' அல்லது 'பைனரி கன்டென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இடப்பக்கம் மட்டும் உள்ளவற்றைப் பார்த்ததும் "எடுத்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் பெயரைத் திருத்தியிருப்பார்கள், இல்லாவிட்டால் வேறு வகைக்கு மாற்றியிருப்பார்கள். ஜிப் பிரிக்கும் செவன்ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து, கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைப் பார்க்கலாம். இரண்டு கோப்புகளின் எண்ணும் ஒன்றாக இருந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் அது ஒரே டோன். ஆனால் எண் வேறாக இருப்பதை மட்டும் வைத்து வேறு டோன் என்று சொல்லிவிட முடியாது. சர்ஜ் கோப்புக்குள் டோனின் பெயர், வகை, செய்தவர் பெயர் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். சிந்துக்குள்ளேயே பெயர் மாற்றிச் சேமித்திருந்தால் ஒலி துளியும் மாறாமல் கோப்பு மட்டும் மாறியிருக்கும்.

3. கோப்புக்குள் எட்டிப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பயந்துபோகிறார்கள். பட்டியலில் எல்லாக் கோப்புமே 'வேறுபடுகிறது' என்று வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான டோன்களையும் மாற்றிவிட்டார்களா? பெரும்பாலும் இல்லை.

ஒரு கோப்பை இரண்டு பக்கமும் வைத்து, டெக்ஸ்டாக ஒப்பிடச் சொல்லுங்கள். சர்ஜின் டோன் கோப்பான எஃப்எக்ஸ்பியில் முதலில் புரியாத சில குறிகள் வரும். அதற்குப் பிறகு படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் என்ற டெக்ஸ்ட் ஆரம்பிக்கும். அதன் தலையிலேயே பேட்ச் என்ற சொல்லும் அதையொட்டி 'ரிவிஷன்' என்று ஒரு எண்ணும் இருக்கும். எந்தக் காலத்து சர்ஜ் இந்தக் கோப்பைச் சேமித்தது என்பதற்கான அடையாளம் அந்த எண். அதற்கடுத்து பெயர், வகை, செய்தவர். அப்புறம்தான் ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் என்று ஒவ்வொரு குமிழின் மதிப்பும் வரிசையாக வரும்.

புது சிந்தில் திறந்து மறுபடி சேமித்தாலே ரிவிஷன் எண் ஏறிவிடும். புது வசதிகளுக்கான மதிப்புகளும் கூடவே சேர்ந்துகொள்ளும். பழையதில் இருந்த மதிப்புகள் அசையாமல் இருந்தால் அந்த டோனைத் தொடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் கட்ஆஃப், என்வலப்பின் அட்டாக், வால்யூம் போன்ற எண்கள் மாறியிருந்தால் அது உண்மையான மாற்றம். அந்த டோன்களை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள், நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியவை அவைதான்.

நம் வாசிப்புக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டிய மதிப்பு பிட்ச் பெண்ட் வீச்சு, அதாவது பெண்ட் வீலை முழுக்கத் தள்ளினால் சுருதி எவ்வளவு நகரும் என்பது. சர்ஜில் அது டோனோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. நாதஸ்வரம் போன்ற ஒரு லீட் டோனில் கமகம் பிடிக்க உங்கள் கை இரண்டு செமிடோனுக்குப் பழகியிருக்கும். புதுக் கோப்பில் அது பன்னிரண்டு என்று இருந்தால் வீலைக் கொஞ்சம் தள்ளினாலே சுருதி எங்கோ போய் நிற்கும். ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்திக் கேட்டால் டோன் பழையபடியே இருப்பது போலத்தான் தோன்றும்.

வேறு சிந்துகள் வைத்திருப்பவர்களுக்கு: வைட்டலின் கோப்பு ஜேசன் வகை டெக்ஸ்ட், ஆனால் ஒரே நீள வரியாக இருக்கும், வரி பிரிக்கும் கருவியில் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ஜின்ஆட்சப்எஃப்எக்ஸின் கோப்பு சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல், செவன்ஜிப்பில் பிரித்தால் படிக்கலாம். டெக்செட் என்ற சிந்தை வைத்து யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் டோன்களை வாசிப்பவர்களுடைய கோப்பில் 32 டோன்கள் 4104 பைட்டுக்குள் அடங்கியிருக்கும். ஒவ்வொரு டோனுக்கும் 128 பைட், அதில் கடைசிப் பத்து பைட் பெயர் மட்டும். ஒரு டோனின் 128 பைட்டில் அந்தப் பத்துக்குள் மட்டும் வேறுபாடு இருந்தால் ஒலியில் எதுவும் மாறவில்லை.

4. மூன்று பதிவுகள்

எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமானது இந்தப் படிதான். மற்றதையெல்லாம் அவசரத்தில் விட்டாலும் இதை விடாதீர்கள்.

குறித்து வைத்த டோன்களில் ஒன்றை எடுத்து, ஒரே மிடி வரியை (எந்த ஸ்வரத்தை எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசிப்பது என்ற குறிப்பு) மூன்று விதமாகப் பதிவு செய்யுங்கள்:

அ. பழைய சிந்தில் பழைய கோப்பு
ஆ. புது சிந்தில் பழைய கோப்பு
இ. புது சிந்தில் புதிய கோப்பு

அ-வும் ஆ-வும் வேறுபட்டால் காரணம் சிந்த் மென்பொருள். ஆ-வும் இ-யும் வேறுபட்டால் காரணம் டோன் கோப்பு. "டோனைக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்வதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்டிருக்க வேண்டும். பழைய கோப்பைத் திறக்கும்போது புது சர்ஜ் அதன் ரிவிஷன் எண்ணைப் பார்த்து, பழைய ஒலி வரும்படி தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். எதிர்த்திசையில், புதிய கோப்பைப் பழைய சிந்தில் திறந்து அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். புது வசதிகள் பழையதற்குத் தெரியாது.

பழைய கோப்புகளைப் புது சிந்தில் காட்ட, டாக்குமென்ட்ஸில் உள்ள சர்ஜ் எக்ஸ்டி ஃபோல்டருக்குள் 'பேட்சஸ்' என்பதில் ஒரு புது ஃபோல்டர் போட்டு அதில் நகலெடுங்கள். சிந்தை மூடித் திறந்தால் யூசர் டோன்கள் வரிசையில் வந்துவிடும்.

மிடி வரியை ஒருமுறை நன்றாகத் தயார் செய்தால் எல்லா டோனுக்கும் அதுவே போதும். கீழ், நடு, மேல் என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு ஸ்வரம், ஒவ்வொன்றும் மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஓங்கியும், அதாவது வெலாசிட்டி (விசையின் அழுத்தம்) 40, 80, 120. பிறகு நான்கு விநாடி நிற்கும் ஒரு ஸ்வரம், ஒரு கார்டு (சில ஸ்வரங்கள் ஒன்றாக), பெண்ட் வீலை முழுக்க மேலும் கீழும், மாடுலேஷன் வீலைப் பூஜ்ஜியத்திலிருந்து முழுக்க. கையால் வாசித்துப் பதிய வேண்டாம், ஒவ்வொரு முறையும் அழுத்தம் மாறிவிடும். மூன்று பதிவுக்கும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் எல்லாமே 48.

5. கழித்துப் பார்ப்பது

ஒப்பிட வேண்டிய இரண்டு பதிவுகளையும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள். தொடக்கம் துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் மெனுவில் 'இன்வெர்ட்' கொடுங்கள், ஒலி அலை தலைகீழாகும். பிறகு இரண்டையும் சேர்த்து 'மிக்ஸ் அண்ட் ரெண்டர்' செய்யுங்கள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று ரத்து செய்து நேர்கோடுதான் மிஞ்சும்.

நேர்கோடு வராவிட்டால் உடனே டோன் மாறிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. ஆசிலேட்டர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தால், யூனிசன் குரல்கள் (ஒரே ஸ்வரத்தைச் சற்றே விலகி ஒலிக்கும் பல அடுக்குகள்) இருந்தால், சுருதியை லேசாக அலையவிடும் டிரிஃப்ட் குமிழை ஏற்றியிருந்தால், ஒரே கோப்பை ஒரே சிந்தில் இரண்டு முறை பதிந்தாலும் ரத்தாகாது. அதனால் முதலில் அ-வையே இரண்டு முறை பதிந்து கழித்துப் பாருங்கள். அதுவே ரத்தாகவில்லை என்றால் அந்த டோனுக்கு இந்தச் சோதனை உதவாது, காதுதான் கதி. சில டோன்களில், ஆசிலேட்டரை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வைக்கும் 'ரீட்ரிக்கர்' பொத்தானை இயக்கி, டிரிஃப்டைப் பூஜ்ஜியமாக்கினால் சோதனை வேலை செய்யும்.

6. கடைசியில் காது

முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் இருப்பது எப்போதும் "நல்ல டோன்" போலவே கேட்கும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும், தீர்ப்பு மாறிவிடும். மீட்டரைப் பார்த்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். எது பழையது, எது புதியது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்வது நல்லது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கரையோர வீட்டில் ஸ்பீக்கரை நம்பி இதைச் செய்ய முடியாது. காதை மூடிய ஹெட்போன் வேண்டும்.

ஹெட்போனில் கேட்டு முடித்தபின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி, மோனோவில் ஒருமுறை கேளுங்கள். ஏர்வாடி சந்தனக்கூடோ ஓரியூர் திருவிழாவோ, திறந்த வெளியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய இடத்தில் ஸ்டீரியோ என்பதே பெரும்பாலும் இருக்காது. பின்னணியில் நீண்டு நிற்கும், அகலமாக விரித்த பேட் வகை டோன், ஹெட்போனில் எத்தனை அழகாக இருந்தாலும், மோனோவில் இடதும் வலதும் மோதி மெலிந்துபோகலாம். புது வெர்ஷனில் கோரஸோ யூனிசன் விரிவோ கூடியிருந்தால் இது நிச்சயம் கவனிக்க வேண்டியது. குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த பேஸ் ஒலியும் வராது. பேஸ் டோனை நடு அலைவரிசையில் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு டோனுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: பெயர், என்ன மாறியது, காரணம் சிந்தா கோப்பா, எதை வைத்துக்கொள்வது. மேடையில் வாசிக்கும் பத்துப் பதினைந்து டோன்களுக்கு மட்டும் செய்தால் போதும், முழுத் தொகுப்பையும் கேட்டு முடிக்க யாராலும் முடியாது. பழையதுதான் பிடித்திருக்கிறது என்றால் அந்தக் கோப்பை யூசர் ஃபோல்டரில் வேறு பெயரில் சேமித்து, புது சிந்திலேயே வாசியுங்கள். அ-வும் ஆ-வும் வேறுபட்டு, அ-தான் வேண்டும் என்றால், இந்த சீசன் முடியும்வரை பழைய சிந்தைக் கணினியிலிருந்து நீக்காதீர்கள்.