பவர் பிஐ-யில் தேதியும் மாதமும் இடம் மாறுகிறதா?

சிஎஸ்வி ஃபைலில் (மதிப்புகளைக் கமாவால் பிரித்து வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) 03/04/2024 என்று இருப்பது ஏப்ரல் 3. டேட்டாவை அறிக்கையாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ அமெரிக்க முறையில் இருந்தால் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. 25/04/2024 போன்றவை மட்டும் 'எரர்' காட்டும், 25-வது மாதம் கிடையாதே! எரர் வந்தால் நல்லது, கண்ணில் படும். சத்தமில்லாமல் மாறிப்போகும் 1 முதல் 12 வரையுள்ள தேதிகள்தான் மாதாந்திர விற்பனைக் கணக்கையே புரட்டிவிடும்.

பவர் பிஐ-யில் டேட்டாவைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியில் வலப்பக்கம், 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' பட்டியலில் தானாகச் சேர்ந்திருக்கும் 'சேஞ்ச்டு டைப்' படியை முதலில் நீக்குங்கள். அதை விட்டுவைத்தால், ஏற்கெனவே கெட்டுப்போன தேதியின் மேல்தான் அடுத்த படி வேலை செய்யும். பிறகு தேதி இருக்கும் நெடுவரிசையின் ('காலம்', column) தலைப்பில் ரைட் கிளிக், 'சேஞ்ச் டைப்', அதற்குள் கடைசியில் 'யூசிங் லோகேல்'. டைப் 'டேட்', லோகேலில் (எந்த நாட்டு, மொழி முறை என்பது) இந்திய ஆங்கிலம். நீக்கிய படியோடு தொகை, அளவு நெடுவரிசைகளின் டைப்பும் போயிருக்கும். அவற்றையும் மறுபடி எண்ணாக மாற்றுங்கள்.

சரிபார்க்க, 'வியூ' மெனுவில் 'காலம் குவாலிட்டி'யை டிக் செய்யுங்கள். அது வழக்கமாக முதல் 1000 வரிசைகளை மட்டுமே பார்க்கும். கீழே ஸ்டேட்டஸ் பாரில் கிளிக் செய்து முழு டேட்டாவுக்கும் மாற்றினால்தான் 1001-வது வரிசையில் இருக்கும் எரரும் தெரியும்.