கோடாட்டில் ஸ்கிரிப்ட் ஃபைல்களை எங்கே வைப்பது? (வஞ்சிரம் வராத கதை)

கடலூர் முதுநகர் துறைமுகத்தை வைத்து ஒரு மீன்பிடி கேம் செய்துகொண்டிருக்கிறேன், கேம் செய்ய உதவும் கோடாட் 4 மென்பொருளில். ப்ராஜெக்ட் திறப்பது, சீன் போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக ஃபோல்டருக்குப் போவோம்.

படி 1: ஃபோல்டர் பிரிப்பது

எல்லோரையும் போல நானும் ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று, சீனுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்றுதான் ஆரம்பித்தேன். நாற்பது ஸ்கிரிப்ட் சேர்ந்ததும் தேடியே பொழுது போனது. படகோடு அதன் வலையும் இருக்க வேண்டும். ஊர் வலையை எல்லாம் ஒரே கொட்டகையில் குவித்தால் விடியற்காலையில் யார் கடலுக்குப் போவது? இப்போது 'படகு' ஃபோல்டருக்குள்ளேயே படகின் சீன், ஸ்கிரிப்ட், படம், இன்ஜின் சத்தம் நான்கும் இருக்கின்றன. மீனுக்கும் அப்படியே. ஸ்கோர், சேவ் மாதிரி எல்லாருக்கும் வேண்டியவை 'பொது'வில். வெளியிலிருந்து இறக்கிய ப்ளக்இன்கள் 'ஆட்ஆன்ஸ்' ஃபோல்டரில், கை வைக்காதீர்கள்.

படி 2: ஃபைலை நகர்த்துவது

கோடாட்டுக்குள் இருக்கும் ஃபைல்சிஸ்டம் பேனலில் இழுத்து நகர்த்துங்கள், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் வேண்டாம். உள்ளே நகர்த்தினால் சீன்களில் இருக்கும் இணைப்புகளை அதுவே திருத்திக்கொள்ளும். ஸ்கிரிப்ட்டுக்குள் மேற்கோளில் நீங்களே எழுதிய பாதைகளை மட்டும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் போட்டுத் தேடி மாற்றுங்கள். 4.4-லிருந்து ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் பக்கத்தில் ஒரு யுஐடி ஃபைல் வரும். குப்பை என்று அழிக்காமல் கிட்டிலும் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) சேர்த்துவிடுங்கள்.

விஎஸ் கோட் (தனியாக நிறுவும் கோட் எடிட்டர்) பிரியர்கள் கோபிக்க வேண்டாம்: கோடாட்டுக்கு உள்ளேயே இருக்கும் எடிட்டர் போதும். வெளியே பெயர் மாற்றினால் கோடாட் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

படி 3: பெயர் வைப்பது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். லேப்டாப்பில் கேம் அருமையாக ஓடியது. ஆண்ட்ராய்டு போனில் ஏற்றி, சில்வர் பீச்சில் மாமாவிடம் கொடுத்தேன். வலை போட்டார். நெத்திலி வந்தது, சங்கரா வந்தது, வஞ்சிரம் மட்டும் வரவே இல்லை. "என்னடா, உன் கேம்லயும் விலை ஏறிடுச்சா?" என்றார்.

இரண்டு ராத்திரி வலை ஸ்கிரிப்ட்டையே குடைந்துகொண்டிருந்தேன். பிழை அங்கே இல்லை. வஞ்சிரம் ஃபைலின் முதல் எழுத்து கேப்பிட்டல். ஸ்கிரிப்ட்டில் அதை லோட் செய்யும் பாதையில் ஸ்மால். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். எக்ஸ்போர்ட் ஆன (போனில் ஓடும்படி கட்டி எடுத்த) கேமுக்கு இரண்டும் வேறு வேறு ஃபைல். இத்தனைக்கும், கோடாட்டில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தது: எழுத்து பொருந்தவில்லை, வேறு தளங்களில் இந்த ஃபைல் திறக்காது என்று. மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அதனால் எல்லாப் பெயரும் ஸ்மால் எழுத்தில், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர். கோடாட் ஆவணமும் இதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே கேப்பிட்டலில் வைத்துவிட்டு கிட்டும் பயன்படுத்துகிறீர்களா? விண்டோஸில் கேப்பிட்டலை ஸ்மாலாக மட்டும் மாற்றினால் கிட் கண்டுகொள்ளாது. 'கிட் எம்வி' கட்டளை கொடுத்து முதலில் ஏதோ ஒரு பெயர், பிறகு சரியான பெயர் என்று இரண்டு தடவை மாற்றுங்கள்.

தமிழ்ப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பவர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு. வஞ்சிரத்தை நான் ஒரு நாள் 'ஐ' போட்டு எழுதினேன், மறுநாள் 'ஏ' போட்டு எழுதினேன். இப்போது மீன் பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பிறகு சேர்த்தது: நெய்வேலியிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: 'மீன்' ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் கேம் ஓடும்போதே பட்டியலிட்டு ஏற்றுகிறேன், போனில் ஒன்றுமே வரவில்லையே? எக்ஸ்போர்ட் செய்யும்போது சீன்கள் பைனரியாக மாறிவிடும். பட்டியலில் பெயரின் கடைசியில் 'ரீமேப்' ஒட்டிக்கொண்டு வரும், அதனால் சீன் ஃபைலின் வழக்கமான முடிவான 'டிஎஸ்சிஎன்' என்று முடிகிறதா எனச் சோதித்தால் ஒன்றும் சிக்காது. அந்த வாலை வெட்டிவிட்டு லோட் செய்யுங்கள். 4.4 அல்லது அதற்கு மேல் என்றால் கோடாட்டின் ரிசோர்ஸ்லோடரில் இருக்கும் லிஸ்ட் டைரக்டரி ஃபங்ஷன் போதும், வால் வெட்டும் வேலையே இல்லை.