இடைக்கால ஐரோப்பிய வாளும் உறையும்: ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்குவது எப்படி?

மேடை நாடகத்துக்கோ வீட்டுச் சுவருக்கோ ஒரு ஐரோப்பியக் குதிரைவீரன் வாள் வேண்டும், கடையில் தொங்கும் தகரம் வேண்டாம் என்பவர்களுக்கு இந்தப் பதிவு. நான் கடலூரில் உட்கார்ந்துகொண்டு வாளை வடக்கே செய்வித்தேன். உறையை உள்ளூர் ஆசாரி செய்தார், தோல் வேலை புதுச்சேரியில் நடந்தது. வாளைப் பற்றி இணையத்தில் எவ்வளவோ இருக்கிறது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அதற்கு உறை செய்வது பற்றித்தான் தேடித் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் இங்கே உறைக்குத்தான் அதிக இடம்.

படி 1: காவல் நிலையம்

சிரிக்க வேண்டாம், இதுதான் முதல் படி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தாக்கவோ தற்காக்கவோ செய்யப்பட்ட கூர்மையான கருவிகளை ஆயுதம் என்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. பொம்மைக்கும் உண்டு, ஆனால் அதை நிஜ ஆயுதமாக மாற்ற முடியாது என்றால்தான். மழுங்கலாகச் செய்த எஃகு வாளைச் சாணை பிடித்தால் கூராகிவிடுமே என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். 4ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட பகுதிகளில் இதுபோன்றவற்றை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு அறிவிக்கவும் முடியும். கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ அந்த ஊர்க் காவல் நிலையத்தில் வரைபடத்தோடு ஒரு மனு கொடுத்து, என்ன தேவை என்று கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகுதான்.

உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் போய்த் திடீரென்று வாள் கேட்டால் தயங்குவார்கள், அதில் தப்பே இல்லை. அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கச் சொல்லி 2021இல் தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது.

என் கட்சி: மழுங்கல் வாள் மட்டும். ஓரம் 2 மி.மீ. கனத்தில் உருண்டையாக, நுனியும் உருண்டையாக. மேடைக்கு அது போதும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுதான் வேண்டும்.

படி 2: எந்த வாள்?

‘சினிமாவில் வருமே, அந்த மாதிரி’ என்று சொன்னால் சினிமா வாள்தான் வரும். ஐரோப்பிய இடைக்கால வாள்களை ஆராய்ந்த இவர்ட் ஓக்‌ஷாட் அவற்றை 10 முதல் 22 வரை எண்ணிட்டு வகைப்படுத்தி வைத்திருக்கிறார். செய்கிறவர்களும் அந்த எண்ணில்தான் பேசுகிறார்கள். முதல் வாளுக்கு 12ஆம் வகையைச் சொல்வேன். 13ஆம் நூற்றாண்டுக்காரன், ஒருகை வாள், அலகு மெல்ல ஒடுங்கும், நடுவில் நீளமான பள்ளம் ஓடும். 15ஆம் வகையில் பள்ளம் கிடையாது, நடுமுதுகு உயர்ந்த வைர வடிவம். பார்க்க மிரட்டும், ஆனால் அந்த முதுகுக்கோடு நுனிவரை நேராக வராவிட்டால் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

(அந்தப் பள்ளம் ரத்தம் வடிவதற்காக என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். விறைப்புக் குறையாமல் எடையைக் குறைக்கத்தான் அது.)

வரைவதற்குக் கணினி வேண்டாம். இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டி, முழு அளவில் பென்சிலால் வரையுங்கள். வெட்டி எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். திரையில் அழகாக இருந்த 90 செ.மீ. அலகு, ஐந்தரை அடி ஆள் இடுப்பில் மாட்டினால் தரையைப் பெருக்கும். 75 முதல் 80 செ.மீ. அலகு நம் உயரத்துக்குச் சரி.

படி 3: கனம்

வரைபடத்தில் நீளம், அகலம் எல்லாம் இருக்கும், கனம் மட்டும் ஒரே ஒரு எண்ணாக ‘6 மி.மீ.’ என்று இருக்கும். இந்த ஒரு வரிதான் வாளைக் கடப்பாரை ஆக்குகிறது.

கணக்குப் போடுவோம். எஃகு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். 80 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள தட்டைப் பட்டை 240 கன செ.மீ., ஏறக்குறைய 1.9 கிலோ. கைப்பிடி இன்னும் வரவே இல்லை! அதே வாள், அகலம் 5இலிருந்து 2.5 செ.மீ.க்கு ஒடுங்கி, கனமும் 6இலிருந்து 2.5 மி.மீ.க்கு ஒடுங்கி, குறுக்குவெட்டு இருபுறமும் லேசாக உப்பி இருந்தால் அலகு சுமார் 700 கிராம்தான். குறுக்குக் கட்டை (கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக இருப்பது), காம்பு (கைப்பிடிக்குள் போகும் அலகின் வால்), கைப்பிடி, குமிழ் (கைப்பிடியின் கடைசியில் இருக்கும் உருண்டை) எல்லாம் சேர்ந்தால் 1.2 கிலோ அளவில் நிற்கும். அருங்காட்சியகங்களில் இருக்கும் இந்த வகை ஒருகை வாள்கள் பலவும் இந்த எடையை ஒட்டியவைதான்.

அதனால் ஆர்டரில் ஐந்து இடத்துக் கனத்தை எழுதுங்கள்: கட்டையருகில், கால்வாசியில், பாதியில், முக்காலில், நுனிக்கு 5 செ.மீ. முன்னால். சமநிலைப் புள்ளி (ஒரு விரலில் வைத்தால் வாள் சாயாமல் நிற்கும் இடம்) கட்டையிலிருந்து 10–13 செ.மீ.க்குள் என்பதையும், மொத்த எடையின் மேல்வரம்பையும் சேருங்கள். பிறகு டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். டேப்பை வைத்துக் கனம் பார்க்கிற வேலையே வேண்டாம்.

படி 4: எஃகும் ஆளும்

கேட்க வேண்டியது இ.என்.45. வண்டிகளின் ஸ்பிரிங் பட்டையில் பயன்படும் சிலிக்கான்-மாங்கனீஸ் எஃகு, வளைந்தால் திரும்பும். எண்ணெயில் குளிரவைத்து, டெம்பர் செய்து (மறுபடி மிதமாகச் சூடாக்கி), கடினம் 48–52 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு) என்று எழுதி வாங்குங்கள். ‘துருவே பிடிக்காது சார்’ என்று துருப்பிடிக்காத எஃகைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சுவருக்கு மட்டும் என்றால் சரி. அந்த நீளத்தில் மோதவிட்டால் முறியும் ஆபத்து இருப்பதால் மேடைக்கு வேண்டாம்.

உள்ளூரில் அடித்து வாங்கினால் இந்தச் சூட்டு வேலையை வெளியே கொடுக்க வேண்டிவரும். அம்பத்தூர்ப் பக்கம் அதற்கென்றே கூடங்கள் உண்டு. நீளப் பொருளைத் தொங்கவிட்டுச் சூடாக்கும் குழி உலை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். படுக்கவைத்துச் சூடாக்கினால் அலகு கோணிக்கொள்ளும். டேராடூன் இந்த மாதிரி வாள்களை உலகத்துக்கே ஏற்றுமதி செய்யும் ஊர். 1943இல் தொடங்கிய வின்ட்லாஸ் நிறுவனமும் அங்கேதான். அங்குள்ள சிறு பட்டறைகளில் தனி ஆர்டர் எடுப்பவர்களும் உண்டு.

காம்பைப் பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: ‘அலகும் காம்பும் ஒரே துண்டு, வெல்டிங் கூடாது, குமிழுக்கு வெளியே காம்பு முனையைத் தட்டி மடக்க வேண்டும்.’ மலிவு வாள்களில் காம்பின் நுனியில் மரை போட்ட கம்பியை ஒட்டவைத்து நட்டை முறுக்கிவிடுவார்கள். வீசும்போது அந்த ஒட்டு விட்டால் அலகு எதிரே இருப்பவரிடம் போய்விடும்.

பார்சல் வந்ததும் சமையலறைத் தராசு, வெர்னியர், ஒரு விரல். எடை, கனம், சமநிலை. அலகின் நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். குமிழை உள்ளங்கையால் தட்டினால் எங்கும் கடகட என்று ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

படி 5: உறை

பலர் வாளையும் உறையையும் ஒரே வரைபடத்தில் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுக்கிறார்கள். என் ஆசாரி வரைபடத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை.

“படத்துக்கு நான் ஒற செய்யல தம்பி, வாளுக்குத்தான் செய்றேன். அத கொண்டாந்து இங்க வச்சிட்டுப் போ.”

“அளவெல்லாம் சரியா எழுதியிருக்கேன் அண்ணே.”

“ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குன்னு எழுதியிருக்க. கையால அடிச்சது எங்க ஒண்ணா இருக்கும்?”

வெர்னியரை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அதனால் வாளின் ஒரு முகத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள், ஒரு பலகைக்கும் அதே புள்ளி. கடைசிவரை அது மாறக் கூடாது.

மரம்: ஐரோப்பாவில் பீச், பாப்லர் போன்ற மரங்களில் மெல்லிய இரண்டு பலகை எடுப்பார்கள். நமக்குப் பலா. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாவைத்தான் தேடுகிறார்கள், குடைந்து எடுக்கத் தோதான மரம். என்னுடையது, 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் சாய்ந்த மரத்தின் பலகை, ஆசாரி வீட்டுப் பரணில் கிடந்தது. அந்த அளவுக்குக் காய்ந்த மரம் கிடைத்தால் விடாதீர்கள். பச்சை மரம் உள்ளுக்குள் ஈரத்தையும் அமிலத்தையும் விட்டு எஃகைத் தின்னும். தேக்கும் ஆகும், ஆனால் இடுப்பில் எடை ஏறும்.

குடைவு ஒவ்வொரு பலகையிலும் அலகின் பாதிக் கனம், அதாவது வாயருகில் 3 மி.மீ., நுனியில் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே. சுற்றிலும் மரச் சுவர் 3 மி.மீ.யாவது நிற்க வேண்டும். ஒட்டும் முன் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி வாளை நுழைத்துப் பாருங்கள். தலைகீழாகப் பிடித்தால் வாள் விழக் கூடாது, இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும். அந்தப் பிடிப்பு வாய்ப்பக்கம் ஓர் அங்குலத்தில் மட்டும் இருந்தால் போதும்.

சித்திரையில் பொருத்தினால் இன்னும் அரை மி.மீ. தளர விடுங்கள். ஐப்பசி மழையில் மரம் உப்பும்.

ஒட்டும்போது பசை உள்ளே பிதுங்கும், காய்ந்தால் கல். அதைத் தடுக்க அலகின் வடிவத்தில் ஒரு பிளைவுட் டம்மி வெட்டி, மெழுகு பூசி, உள்ளே வைத்து ஒட்டுங்கள். பசை இறுகத் தொடங்கியதும் டம்மியை உருவினால் பிதுக்கலும் கூட வந்துவிடும். அசல் வாளை வைத்து ஒட்டவே கூடாது.

உள்ளே கம்பளித் துணி ஒட்டலாமா? ஐரோப்பாவில் கம்பளி மயிரோடு கூடிய தோலை உள்ளே வைத்த உறைகள் உண்டு. கடலூரில் வேண்டாம். துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் மரமே நல்லது.

இனி தோல். 1–1.2 மி.மீ. ஆட்டுத்தோல், தாவரப் பட்டையில் பதனிட்டது. குரோம் பதனிட்ட செருப்புத் தோல் எங்கும் கிடைக்கும், ஆனால் நனைத்து இழுத்தால் மரத்தின் வடிவத்தைப் பிடிக்காது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறி வந்தது. இன்றும் தாவரப் பதனீடுதான், புவிசார் குறியீடும் உண்டு. புதுச்சேரியில் 1978இல் ஹைடிசைன் என்ற தோல்பொருள் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வகைத் தோலைக் கையாளத் தெரிந்த கைகள் ஊரில் உண்டு. வெளியே தனி வேலை எடுப்பவர்களை விசாரித்துப் பிடியுங்கள்.

தோலை நனைத்து, மரத்தின்மேல் இழுத்து, பின்பக்கம் இரண்டு ஊசிகளால் தைப்பார்கள். காயும்போது சுருங்கி இறுகும். இந்த நேரத்தில்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், உறை முடிந்துவிட்டதே, வாளைச் சொருகிப் பார்ப்போம் என்று. சொருகாதீர்கள்! கலம்காரியில் கடுக்காயும் இரும்புச் சாறும் சேர்ந்து கறுப்பாவது போல, பட்டைச் சாறு ஊறிய ஈரத் தோலும் எஃகும் சேர்ந்தால் அலகில் கருநீலத் திட்டு விழும். பாலிஷ் போட்டாலும் அடியில் குழி நிற்கும். நிழலில் காயவிடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், மரத்துக்குள் ஈரம் இருக்கும். வாய்வழியே ஒரு நீளத் துண்டு நியூஸ்பேப்பரை ஓர் இரவு விட்டு எடுத்துப் பாருங்கள். மொறுமொறுப்பாக வந்தால்தான் வாள்.

வாய்ப்பூணும் அடிப்பூணும் பித்தளை, ஒரு மி.மீ. தகடு. உலக்கைக்குப் பூண் போடுகிறவரே செய்துவிடுவார்.

படி 6: வீட்டில்

அலகுக்குத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் பிசுக்காகிவிடும். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு என்றால் வாளை உறையில் வைக்காமல் தனியே மாட்டுங்கள். உறை விசேஷத்துக்கு.

பிற்சேர்க்கை 1: ஆயுத பூஜைக்கு வாளில் சந்தனம், குங்குமம் வைத்து மறுநாள் வரை விட்டதில் பொட்டு பொட்டாகத் துரு என்று காரைக்கால் வாசகர் எழுதியிருக்கிறார். சந்தனம் ஈரம், கூடவே எலுமிச்சை அமிலம். பொட்டைக் குமிழிலும் உறையிலும் வையுங்கள், அலகில் வேண்டாம்.

பிற்சேர்க்கை 2: ஃபெவிகால் போதுமா என்று பலர் கேட்கிறீர்கள். போதும். ஆனால் அந்தப் பசை காயும்போது அசிட்டிக் அமில வாடை விடும், அது முழுதும் போகட்டும். வச்சிரம் (தோலிலிருந்து காய்ச்சும் பழைய பசை) காய்ச்சத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் அதுவே மேல்.

பிற்சேர்க்கை 3: புதுச்சேரியில் தோல் வேலை முடித்துக் கடலூர் திரும்புகிறவர்களுக்கு: ஆல்பேட்டை செக்போஸ்டில் பாட்டில் தேடுகிற கண்ணுக்கு நீளப் பொட்டலம் நன்றாகவே தெரியும். வாளைத் தனியே துணியில் சுற்றி, டிக்கியில் வைத்து, பில், வரைபடம், மனுவின் ஒப்புகை மூன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். இன்னும் நல்லது, தோல் வேலைக்கு உறையையும் பிளைவுட் டம்மியையும் மட்டும் எடுத்துப் போவது. வாள் எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.