தகதிமியில் 'க'வை விழுங்கு: மெட்டல் பாட்டுக்கு பேஸ் டேப் படிப்பது

முதல் இரண்டு வாரம் டேப்பைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். டேப் (tab) என்றால் கம்பிக்கு ஒரு கோடு போட்டு, எங்கே விரல் வைப்பது என்று எண்ணால் எழுதிய வாசிப்புக் குறிப்பு. காட்பாடி வீட்டு மாடி அறை, தாழ்ந்த சுரங்களுக்கான நாலு கம்பி பேஸ் கிடார், செல்போனில் டேப், பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மாட்டிக்கொண்டு குனிந்தால் தடிக் கம்பிதானே மேலே இருக்கிறது, அதனால் டேப்பிலும் மேல்கோடுதான் தடிக் கம்பி என்று நானே முடிவு செய்துவிட்டேன். கீழே இருந்து அம்மா, "என்னடா, மோட்டார் ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டார்.

டேப்பில் கீழ்க்கோடுதான் தடிக் கம்பி, ஈ. அதற்கு மேலே ஏ, டி, உச்சியில் மெல்லிய ஜி. கிடாரை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்த்தால் கம்பிகள் எப்படித் தெரியுமோ, அதே வரிசை. கோட்டின் மேல் இருக்கும் எண், விரல் வைக்க வேண்டிய ஃப்ரெட், அதாவது கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை. 0 என்றால் விரல் வைக்காமல் மீட்டுவது. எக்ஸ் போட்டிருந்தால் இடது கையால் கம்பியை லேசாகத் தொட்டபடி அடித்து 'டக்' என்று அடைத்த சத்தம். இவ்வளவையும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எனக்கு ஆறு மாதம் போனது வேறொன்றில். டேப் எங்கே என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. இணையத்தில் கிடைக்கும் பாதி டேப்களில் எண்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், எதை நீட்டுவது, எதை நறுக்குவது என்ற பேச்சே இருக்காது. மெட்டல் என்கிற கனத்த ராக் இசையில் அதுதான் எல்லாமே. ஐயர்ன் மெய்டன் இசைக்குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பாரே, குதிரை ஓட்டம் மாதிரி ஒரு நடை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பில் இப்படி இருக்கும்:

ஈ | 0-00 0-00 3-33 5-55 |

நான் 0, 0, 0 என்று சம இடைவெளியில் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பையன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது தகதிமிதான். 'க'வை மட்டும் விழுங்கிடுங்க" என்றான். தா... திமி, தா... திமி. டேப்பைத் திரும்பப் பார்த்தால் அந்தச் சின்னக் கோடு இருக்கிறதே, அதுதான் விழுங்கிய 'க'. அத்தனை நாளும் நான் அதை வெறும் இடைவெளி என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து, வாயால் சொல்ல வராத எதையும் கையால் தொடுவதில்லை. வேலைக்கு ஆம்பூர் போகும் ரயிலில் லத்தேரி தாண்டினால் குடியாத்தம் வரும்வரை தொடையில் தட்டி முணுமுணுத்துக்கொண்டே போவேன். எதிர் சீட்டுக்காரர்கள் மந்திரம் என்று நினைத்திருக்கலாம். நீங்களும் டேப்பை ஒரு நோட்டில் எழுதி, எண்களுக்குக் கீழே சொற்கட்டை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டைக் கேட்டு நீங்களே எழுதும் அந்த ஒரு வரி, இறக்கிய பத்து டேப்புக்குச் சமம்.

அப்புறம் வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். 'தா திமி'யில் மூன்று அடி இருப்பதால் முதல் சுற்று ஆள்காட்டியில் தொடங்கினால் அடுத்தது நடுவிரலில் தொடங்கும். எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தடுக்காமல் இரண்டு நிமிடம் ஓடினால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். பாட்டின் வேகம் 160 இருக்கலாம், அதற்கு அவசரப்பட்டால் முன்கை இறுகிவிடும். வலித்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

முதல் பாட்டாக பிளாக் சபாத் இசைக்குழுவின் 1970-ஆம் வருடத்து 'ஐயர்ன் மேன்' போதும். மெதுவான பாட்டு, ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டு) பேஸும் கிடாரும் ஒரே வழியில் போகும். அந்த ரிஃப் பி சுரத்தில் தொடங்குகிறது. ஒரு டேப்பில் ஈ கம்பி 7 என்று இருக்கும், இன்னொன்றில் ஏ கம்பி 2. இரண்டும் ஒரே சுரம்தான், யாரும் ஏமாற்றவில்லை. தடிக் கம்பியில் சத்தம் கனமாக வரும், ஏ கம்பியில் தெளிவாக வரும். எனக்குக் கனம் பிடிக்கும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டு டேப்பைச் சரிபார்க்காதீர்கள். ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. இயர்போன் மாட்டுங்கள். இயர்போனிலும் பேஸ் கேட்கவில்லை என்றால், அது 1988-இல் வந்த மெட்டாலிகா ஆல்பமா என்று பாருங்கள். அதில் பேஸைக் கிட்டத்தட்ட அமுக்கியேவிட்டார்கள், உங்கள் காதில் கோளாறு இல்லை.

டேப்பின் தலையில் ட்யூனிங், அதாவது எந்தக் கம்பியை எந்தச் சுரத்துக்கு முறுக்குவது என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் தொடங்க வேண்டாம். சபாத்தின் கிடார் கலைஞர் டோனி ஐயோமி இளம் வயதில் உலோகத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். கம்பி தளர்வாக இருந்தால் அவருக்கு வாசிக்கச் சுலபம். 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் இறக்கினார்கள், பேஸும் கூடவே இறங்கியது. நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். பிரஸ் இறங்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும், கையை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வேன். சாதாரணக் கம்பியில் அந்த அளவு இறக்கினால் ஃப்ரெட்டில் உரசி கரகரக்கும், கொஞ்சம் தடித்த கம்பி செட் வாங்க வேண்டியிருக்கும்.

கடையில் கொடுத்த நைலான் ஸ்ட்ராப் தோளில் வழுக்கி, கிடார் தலைப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. ஸ்க்ராப் தோலில் கூட வேலை செய்பவர் ஒன்று தைத்துக் கொடுத்தார், சொரசொரப்பான உள்பக்கம் சட்டையைத் தொடுகிற மாதிரி. இப்போது விட்ட இடத்தில் நிற்கிறது. கம்பியை வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள். வேலூர் வெயிலில் கை வியர்க்கிற வியர்வைக்கு, துடைக்காமல் விட்ட என் முதல் செட் ஒரே மாதத்தில் மந்தமாகிவிட்டது.