பட்டன் அழுத்தினால் விண்டோ உறைகிறதா? டிகின்டர் பழுதுபார்ப்பு, படிப்படியாக

நான் பைத்தானில் எழுதிய முதல் விண்டோ நிரல், புகைப்படங்களின் அளவைக் குறைப்பது. அம்மாவின் போனில் இருந்த 300 படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு 'தொடங்கு' பட்டனை அழுத்தினேன். விண்டோ வெளிறிப்போய், தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வந்தது. மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன். இப்படி ஐந்தாறு முறை. கடைசியில் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு முறையும் நாற்பது, ஐம்பது படங்கள் ஒழுங்காகச் சிறிதாகியிருந்தன. நிரல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நான்தான் பாதியில் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படி ஆனது என்பதைக் கடைசிப் படியில் விரிவாகப் பார்க்கலாம். அதற்குமுன், பைத்தானில் விண்டோக்களை உருவாக்க உதவும் நூலகமான டிகின்டரில் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இடறும் சில சின்னக் கற்களைத் தாண்டிவிடுவோம். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். நிரலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

படி 1: டெர்மினலில் இருந்து ஓட்டுங்கள்

சாதாரண நிரலில் பிழை வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். டிகின்டரில் அப்படியில்லை. பட்டனுக்குப் பின்னால் இருக்கும் ஃபங்ஷனில் பிழை வந்தால், செய்தியை டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரையில்) கொட்டிவிட்டு விண்டோ எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும். கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பவருக்கு அந்தச் செய்தி கண்ணில் படாமலே போகலாம். 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, டெர்மினலில் என்ன வந்தது என்பதுதான்.

செய்தி நீளமாக இருந்தால் மிரள வேண்டாம். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்று அங்கே இருக்கும். பிறகு மேல்நோக்கிப் போய், உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும் இடத்தில் நில்லுங்கள்.

விண்டோவே வராமல் 'டிகின்டர் என்ற மாட்யூல் இல்லை' என்று வந்தால், உபுண்டு, டெபியனில் 'பைத்தான்3-டிகே' என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். உங்கள் கோப்புக்கே டிகின்டர் என்று பெயர் வைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். நான் வைத்திருக்கிறேன். பைத்தான் அசலை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

படி 2: அடைப்புக்குறியைப் பாருங்கள்

நிரல் தொடங்கும்போதே, யாரும் அழுத்தாமல் ஃபங்ஷன் ஒருமுறை ஓடுகிறது. அதன்பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. இந்த அறிகுறி இருந்தால் வரியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: 'கமாண்ட்=சேமி()' என்று எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறி போட்டால் 'இப்போதே செய்' என்று பொருள். பட்டனுக்குத் தேவை ஃபங்ஷனின் பெயர் மட்டுமே: 'கமாண்ட்=சேமி'.

ஃபங்ஷனுக்கு ஏதாவது மதிப்பை அனுப்ப வேண்டுமென்றால் முன்னால் லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) சேர்க்க வேண்டும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. கால்குலேட்டருக்காக 0 முதல் 9 வரை பத்து பட்டன்களை ஃபார் லூப்பில் உருவாக்குகிறீர்கள். எதை அழுத்தினாலும் 9 விழுகிறது. லாம்டா 'எண்' என்ற மாறியை, பட்டனை அழுத்தும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து அதில் 9 நின்றுகொண்டிருக்கும். 'லாம்டா எண்=எண்: அழுத்து(எண்)' என்று எழுதினால் ஒவ்வொரு பட்டனும் தன் எண்ணை உருவாகும்போதே பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 3: 'நன்டைப்' என்று வந்தால்

'பெட்டி = என்ட்ரி(ரூட்).பேக்()' என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். ரூட் என்பது முதன்மை விண்டோ, என்ட்ரி என்பது எழுதும் பெட்டி, பேக் என்பது அதை விண்டோவில் பொருத்தும் கட்டளை. பேக் எதையும் திருப்பித் தராது. ஆகவே 'பெட்டி'யில் இருப்பது என்ட்ரி அல்ல, வெறும் 'நன்', அதாவது 'ஒன்றுமில்லை'. விண்டோவில் பெட்டி கண்ணுக்குத் தெரியும் என்பதால் சந்தேகமே வராது. அதில் எழுதியதைப் படிக்கப் போகும்போதுதான் பிழை வரும். இரண்டு வரியாகப் பிரித்துவிடுங்கள்.

பேக்கையும், கட்டம் கட்டமாகப் பொருத்தும் கிரிட்டையும் ஒரே விண்டோவுக்குள்ளோ ஃபிரேமுக்குள்ளோ கலக்காதீர்கள். முதன்மை விண்டோவிலேயே நேராகக் கலந்தால் வரும் பிழைச் செய்தியில் ஒரு தனிப் புள்ளி மட்டும் நிற்கும். அச்சுப்பிழையோ என்று தோன்றும். அது உங்கள் முதன்மை விண்டோவின் பெயர். டிகின்டருக்கு அடியில் ஓடுவது ஜான் ஆஸ்டர்ஹவுட் டிசிஎல் மொழிக்காக உருவாக்கிய டிகே என்ற விண்டோ கருவித்தொகுப்பு. அதன் வழக்கம் இது.

படி 4: படம் காணாமல் போனால்

பிழைச் செய்தி இல்லை. லேபிள் இருக்கிறது, படத்தின் அளவுக்குச் சரியாக இடமும் விட்டிருக்கிறது, படம் மட்டும் இல்லை. அந்த வெற்றிடம்தான் தடயம். படம் ஏற்றப்பட்டது, பிறகு தொலைந்தது.

ஃபங்ஷனுக்குள் 'படம் = போட்டோஇமேஜ்(...)' என்று எழுதினால், ஃபங்ஷன் முடிந்ததும் 'படம்' என்ற மாறியும் முடிந்தது. யாரும் வைத்திருக்காத பொருளைப் பைத்தான் குப்பையில் போட்டுவிடும். லேபிள் அதைப் பிடித்து வைத்திருக்கும் என்று நாம் நினைப்போம். அது படத்தின் பெயரை மட்டுமே வைத்திருக்கிறது. லேபிளை உருவாக்கிய அடுத்த வரியில் 'லேபிள்.இமேஜ் = படம்' என்று சேர்த்தால் போதும். ஜேபெக் கோப்பு என்றால் பில்லோ நூலகம் வேண்டும், டிகே 8.6 தானாகத் திறப்பது பிஎன்ஜி, ஜிஃப் போன்றவற்றையே.

படி 5: விண்டோ உறைந்தால்

இப்போது என் 300 படங்களுக்கு வருவோம்.

நிரலின் கடைசி வரியில் இருக்கும் மெயின்லூப், கடையின் கல்லாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. சொடுக்கு வந்தால் கவனிப்பான், விண்டோவைத் திரும்ப வரைய வேண்டுமென்றால் வரைவான், மறுபடி கல்லாவுக்கு வருவான். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் ஃபங்ஷனையும் அதே ஆள்தான் ஓட்ட வேண்டும். அவனை 300 படங்களோடு கிடங்குக்கு அனுப்பிவிட்டால் கல்லாவில் ஆளில்லை. ஏறத்தாழ 5 விநாடி பதில் வராவிட்டால், விண்டோஸ் அந்த விண்டோவை வெளுக்கச் செய்து 'பதிலளிக்கவில்லை' என்று எழுதிவிடும்.

'டைம்.ஸ்லீப்' போட்டாலும் இதே கதைதான். ஆளைக் கல்லாவிலேயே தூங்க வைப்பது அது. லூப்புக்குள் 'ரூட்.அப்டேட்()' போடச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். விண்டோ அசையும் என்பது உண்மை. ஆனால் ஒரு ஃபங்ஷன் பாதியில் இருக்கும்போதே இன்னொரு சொடுக்கு உள்ளே நுழையும். அந்தக் குழப்பத்தை அவிழ்க்க எனக்கு ஒரு முழு இரவு போனது. தவிர்த்துவிடுங்கள்.

வேலையைத் துண்டாக்க முடிந்தால் 'ஆஃப்டர்' போதும். 'அடுத்தது' என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அது ஒரே ஒரு படத்தைச் சுருக்கி, லேபிளில் எண்ணிக்கையை மாற்றி, படம் மீதமிருந்தால் 'ரூட்.ஆஃப்டர்(10, அடுத்தது)' என்று சொல்லி முடிந்துவிட வேண்டும். பத்து மில்லி விநாடி கழித்து மெயின்லூப் அதை மறுபடி கூப்பிடும். இடையில் வரும் சொடுக்குகளையும் கவனித்துக்கொள்ளும். இங்கேயும் 'அடுத்தது' என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறி கூடாது.

ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்குவதுபோல் துண்டாக்க முடியாத வேலை என்றால் தனி த்ரெட், அதாவது மெயின்லூப்புக்கு இணையாக ஓடும் இன்னொரு ஆள், வேண்டும். அந்த த்ரெட்டில் இருந்து லேபிளையோ பட்டனையோ தொடாதீர்கள். ஒருநாள் ஓடும், மறுநாள் சரியும். முடிவை ஒரு கியூவில் (வரிசையாகப் போட்டு எடுக்கும் பெட்டியில்) போடச் சொல்லுங்கள். முதன்மைப் பக்கத்தில் 'ஆஃப்டர்' மூலம் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை கியூவை எட்டிப் பார்த்து, ஏதாவது இருந்தால் லேபிளில் காட்டுங்கள்.

இப்படி மாற்றியதும் என் விண்டோவில் '300-இல் 112' என்று எண் நகர்ந்தது. அடுத்த நாளே புதுப் பிழை. விண்டோ உயிரோடு இருப்பதால், பொறுமையில்லாமல் 'தொடங்கு' பட்டனை நான் இரண்டாவது முறை அழுத்திவிட்டேன். ஒரே படங்களை இரண்டு வரிசைகள் சுருக்கத் தொடங்கின. ஆகவே தொடங்கும்போது பட்டனை 'டிஸேபிள்ட்' நிலைக்கு மாற்றி, கடைசிப் படம் முடிந்ததும் 'நார்மல்' நிலைக்குத் திருப்புங்கள். பாதியில் விண்டோவை மூடினால் 'இன்வேலிட் கமாண்ட் நேம்' என்று டெர்மினலில் வரக்கூடும். 'ஆஃப்டர்' திருப்பித் தரும் அடையாளத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, மூடும்போது 'ஆஃப்டர்_கேன்சல்' என்பதிடம் கொடுத்துவிட்டால் அதுவும் நின்றுவிடும்.