பிளேட்டோவின் ‘அயோன்’: கூடி வாசிக்கும் முறை

கவிதை தெய்வ ஆவேசத்தால் வருகிறதா, அறிவாலா? இந்தக் கேள்விக்குள் நுழைய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் ‘அயோன்’ உரையாடலே ஏற்றது. சிறிய நூல், ஒரு போயா விடுமுறைக் காலையில் வெள்ளவத்தை வீடொன்றில் ஐந்தாறு பேர் கூடி முடித்துவிடலாம்.

ஓரத்தில் 530 முதல் 542 வரை எண் இடப்பட்ட பதிப்பையே பிரதி எடுங்கள். அவை 1578-இல் ஸ்டெபானுஸ் அச்சிட்ட பிளேட்டோ நூல்தொகுதியின் பக்க எண்கள். ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருந்தாலும் எல்லாரும் ஒரே இடத்துக்கு வர அவைதான் வழி. எண் இல்லாவிட்டால் பாதி நேரம் இடம் தேடுவதிலேயே போகும்.

இருவர் சோக்கிரதீஸும் அயோனுமாக உரத்து வாசியுங்கள். அயோன் கவிஞன் அல்ல. கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமரை மேடையில் பாடி விளக்குபவன். கம்பன் விழாப் பேச்சுகளைக் கேட்டுப் பழகிய கொழும்பு வாசகருக்கு இவன் அந்நியனல்ல.

533 வரை நிறுத்தாமல் போகலாம். சோக்கிரதீஸின் வாதம் இது: ஒரு கலையை முழுதாய் அறிந்தவன் அதில் யார் செய்ததையும் மதிப்பிடுவான். அயோனுக்கோ ஹோமர் என்றால் சொல் பெருகுகிறது, மற்றக் கவிஞர் என்றால் தூக்கம் வருகிறது. ஆகவே அவனிடம் இருப்பது கலையறிவல்ல.

அடுத்தது காந்தக்கல். கல் இரும்பு வளையத்தை இழுக்கிறது, அந்த வளையம் இன்னொன்றை. அப்படியே கலைத்தெய்வம், கவிஞர், பாடுபவன், கடைசியில் சபை. பலர் தவறுவது இங்கேதான். உவமையில் மயங்கி, பிளேட்டோ கவிஞரைப் புகழ்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தெய்வம் கவிஞரின் புத்தியை எடுத்துவிடுகிறது என்று 534 சொல்வதை மறுபடி வாசியுங்கள்.

535-இல் இருபது நிமிடமாவது தங்குங்கள். துயரக் கட்டத்தில் தன் கண் கலங்குவதாகச் சொல்லும் அயோன், அதே மூச்சில், சபை அழுகிறதா என்று மேடையிலிருந்து பார்ப்பதாகவும் சொல்கிறான். அவர்கள் அழுதால்தான் அவனுக்குக் காசு. ஆவேசம் வந்தவனுக்கு அந்தக் கணக்கு எப்படி ஓடும்? நூலின் முடிச்சே இதுதான்.

537-க்குப் பிறகு, தேரோட்டம், மருத்துவம், மீன்பிடி பற்றி ஹோமர் பாடியது சரியா என்று சொல்லத் தக்கவர் யார் என்று கேள்விகள் அடுக்கப்படும். நம் பாட்டிலும் சோதித்துப் பாருங்கள்: கம்பன் நாட்டுப்படலத்தில் வரம்பையும் மடையையும் பாடுகிறான், அது சரியா என்று சொல்ல வேண்டியவர் கமக்காரரா, தமிழாசிரியரா?

540-இல் ஆணுக்கு, பெண்ணுக்கு, அடிமைக்கு எந்தப் பேச்சுப் பொருந்தும் என்பது தனக்குத் தெரியும் என்கிறான் அயோன். அவனுடைய மிக வலுவான பதில் இது. புயலில் என்ன சொல்ல வேண்டும் என்பது மீகாமனுக்கே தெரியும் என்று சோக்கிரதீஸ் சட்டென்று தாண்டிவிடுகிறார். நீங்கள் தாண்டாதீர்கள், அயோனுக்காக ஒருவரை வாதாட விடுங்கள். ஒரு பாத்திரத்தின் பேச்சைக் கேட்பவர் நம்புவார்களா என்பது மீகாமன் அறிந்த விஷயமல்ல.

அடுத்த கூட்டத்துக்கு பிளேட்டோவின் ‘அப்பாலஜி’ 22, ‘பீட்ரஸ்’ 245, பிறகு அரிஸ்டோட்டிலின் ‘கவிதையியல்’ 17ஆம் அத்தியாயம். பிளேட்டோவின் ‘குடியரசு’ பத்தாம் நூலை இப்போதே எடுக்க வேண்டாம். அங்கே பேச்சு போலச்செய்தல், அதாவது கவிதை வெறும் நகல்தானா என்ற கேள்வி, பக்கம் திரும்பிவிடும்.